சல்லடையில் நின்ற கல்: சரளை மேய்ச்சல் நிலம் தண்ணீரை எப்படிப் பிடிக்கிறது

தஞ்சாவூரிலிருந்து திருச்சி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வல்லம். வெண்ணாற்றங்கரைக் களியில் நடந்து பழகிய காலுக்கு அங்கே தரை வேறென்று உடனே தெரிந்துவிடும். மண் சிவந்திருக்கும். நடந்தால் நறநறக்கும். மிளகு அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் செம்புறாங்கல் உருண்டைகள், இடையிடையே வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). முன்பு மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அறுத்த வல்லத்துப் படிகக்கல்லும் இந்த வட்டாரத்துச் சரளையில் பொறுக்கியதுதான். அதே மாவட்டத்தின் கீழ்ப்பகுதியிலோ திருத்துறைப்பூண்டிப் பக்கமோ வயலை முழங்கால் ஆழம் வெட்டினாலும் மண்வெட்டியில் ஒரு கல் தட்டாது.

கல்லைப் பிரித்து வைத்தது தண்ணீர். சரிவில் வேகமாக ஓடும் நீர் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும்; வேகம் குறையக் குறைய முதலில் கல்லைப் போடும், பிறகு மணலை, பிறகு வண்டலை, கடைசியில் களியை. பச்சைமலை, கொல்லிமலைச் சரிவுகளில் இதை வரிசையாகவே பார்க்கலாம். உச்சியில் பாறையும் சாண் ஆழ மண்ணும். நடுச்சரிவில் கூர்மையான உடைகல் கலந்த மண். அடிவாரத்தில் கல்லும் மண்ணும் விசிறிபோல் விரிந்து கிடக்கும். பள்ளத்தில்தான் ஆழமான மண். கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு போன்ற ஆறுகள் காவிரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் நுண்மண்ணைத்தான். ஆக, மலைச்சரிவு இழந்ததுதான் டெல்டாவின் வயல். இழக்க முடியாமல் மேலே தங்கியதுதான் சரளை.

வல்லம் மேட்டின் செம்புறாங்கல் கதை மட்டும் சற்று வேறு. அந்த உருண்டைகள் மலையிலிருந்து உருண்டு வந்தவை அல்ல. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறி, கோடையில் இறங்கி, இப்படியே நெடுங்காலம் நடந்ததில் மண்ணின் சிலிக்கா கரைந்து போக, இரும்பு மட்டும் திரண்டு அங்கேயே உருண்டையானது. இந்த வகைக் கல்லுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்டதை வைத்து 1807-இல் எழுதினார். வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். வெங்கச்சங்கல் ஒரு சொட்டு நீரையும் உள்ளே வாங்காது. செம்புறாங்கல் உருண்டையில் நுண்துளைகள் உண்டு, கொஞ்சம் வாங்கும். ஆனால் அதன் இரும்பு, போடுகிற பாஸ்பரஸையும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இனிச் சரளை நிலத்தில் நடக்கும் பெரிய தவறுக்கு வருவோம். மண் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்தால், ஆய்வகத்தில் முதல் வேலையாக அதை 2 மி.மீ. கண் சல்லடையில் சலிப்பார்கள். மேலே நிற்கும் கல் வெளியே போய்விடும். முடிவாகத் தரும் மண்வள அட்டையில் வரும் எண்கள் எல்லாம் கீழே விழுந்த மண்ணுக்கு உரியவை. அதை எக்டேருக்கு மாற்றும்போது, மேல் 15 செ.மீ. மண் சுமார் 20 லட்சம் கிலோ என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். நிலத்தின் பருமனில் 40 சதவீதம் கல் என்றால் உண்மையில் அங்கே இருக்கும் மண் 12 லட்சம் கிலோதான். அட்டையில் ‘நடுத்தரம்’ என்று வந்த சத்து, நிலத்தில் ‘குறைவு’. குறைவாயிற்றே என்று உரத்தை ஒரே தடவையில் கொட்டினால் பிடித்து வைக்கப் போதிய களி இல்லை. அடுத்த மழையோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். தொழுவுரத்தோடு கலந்து இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவதே இங்கே சரி.

எனவே கல் எவ்வளவு என்று முதலில் அளக்க வேண்டும். தராசுகூட வேண்டாம். பக்கத்துக்கு 20 செ.மீ., ஆழம் 20 செ.மீ. என்று ஒரு குழி. சரளையில் சுவர் நேராக நிற்காது, நிற்கவும் தேவையில்லை. தோண்டிய அத்தனையையும் ஒரு சாக்கில் சேருங்கள். குழிக்குள் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுவரோடு ஒட்டி விரித்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் குழியின் பருமன். பிறகு சாக்கில் உள்ளதை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, நின்ற கல்லைக் கழுவுங்கள். கழுவாவிட்டால் ஒட்டியிருக்கும் களியும் கல் கணக்கில் சேரும். ஒரு வாளியை விளிம்பு வரை நிரப்பி, கல்லை மெதுவாக இறக்கி, வழியும் நீரைத் தாம்பாளத்தில் பிடித்து அளந்தால் கல்லின் பருமன் கிடைக்கும். குழி 9 லிட்டர், வழிந்தது 3.6 லிட்டர் என்றால் 40 சதவீதம். பருமனில் 15 முதல் 35 வரை சரளை மண், 35 முதல் 60 வரை மிகுசரளை என்பது மண் அறிவியலார் கணக்கு. எடை போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் மண்ணைவிடக் கனமானது. எடையில் சரிபாதி கல் என்றால் பருமனில் அது ஏறக்குறைய 36 சதவீதம்தான். மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்வில் ஒன்று என மூன்று குழியாவது வேண்டும்.

இந்த எண் கையில் வந்ததும் தண்ணீர்க் கணக்கு தெளிவாகும். மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடி எடுக்கக்கூடிய நீராகச் சுமார் 140 மி.மீ. பிடிக்கும் என்று வைப்போம். மண் ஆழம் 30 செ.மீ. என்றால் 42 மி.மீ. அதில் கல்லின் 40 சதவீதத்தைக் கழித்தால் 25 மி.மீ. வெயில் காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. போனால் ஐந்தே நாள். ஆழமான களி நிலம் ஒரு மீட்டரில் 180 மி.மீ. பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். ஐம்பது மி.மீ. மழை ஒரே நாளில் கொட்டினால் சரளைக்குப் பயன்படுவது அதில் பாதிதான். அதுவே பத்து நாள் இடைவெளியில் இரண்டாகப் பெய்தால் முழுவதும் புல்லாகும்.

கல்லால் கெடுதல் மட்டும்தான் என்று நினைத்து நிலத்தைச் சுத்தமாகப் பொறுக்கிவிடுபவர்கள் உண்டு. அது நிலத்தின் மேல்தோலை உரிப்பது. தரைமேல் தளர்வாகக் கிடக்கும் கல், மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதன் அடியில் மண் இறுகாமல் பொலபொலவென்று இருக்கும், நீர் கல்லின் ஓரமாக உள்ளே இறங்கும், வெயிலில் ஆவியாவதும் குறையும். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள்: சுற்றிலும் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரமும் வெள்ளை வேர்நுனிகளும் இருக்கும். ஆனால் அதே கல் மண்ணுக்குள் பதிந்து, சுற்றிலும் மேலோடு இறுகிவிட்டால் எல்லாம் தலைகீழ். நீர் இறங்க வழியில்லாமல் சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல் ஓடிவிடும்.

தளர்ந்து கிடந்த கல்லைப் பதிய வைப்பது பெரும்பாலும் ஆட்டுக் குளம்பு. மழை பெய்து ஈரமாக இருக்கும்போது மந்தையை விட்டால் ஒவ்வொரு மிதியும் கல்லை உள்ளே அழுத்தும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, குளம்புத் தடம் பதியாத அளவுக்குத் தரை காய்ந்த பிறகு விட வேண்டும். பட்டியும் தண்ணீர்த்தொட்டியும் சரிவின் அடியில் இருந்தால் ஆடுகள் தினமும் நேர் கீழாக இறங்கும். அந்தத் தடமே அடுத்த ஐப்பசியில் ஓடையாகிவிடும். தொட்டியை இடம் மாற்றினால் தடமும் மாறும்.

எத்தனை ஆடு என்பதையும் கண்மதிப்பில் விடக்கூடாது. ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்து, காயவைத்து, நிறுங்கள். ஐந்தாறு இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். 150 கிராம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ. பாதியை நிலத்துக்கு விட்டுவிட வேண்டும். மீதி 300 கிலோ, முப்பது கிலோ எடையுள்ள ஆடு நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்த தீவனம் தின்னும் என்ற கணக்கில், பத்து ஆட்டுக்கு ஒரு மாதம்.

பொறுக்கியே ஆக வேண்டிய பெரிய கற்களைச் சமமட்டத்தில் வரிசையாக அடுக்கலாம். மட்டம் பார்க்க, இரண்டு மீட்டர்க் கழி இரண்டைக் கூரைக் கைமரம்போல் உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு, உச்சியிலிருந்து கல் கட்டிய நூல். நூல் குறுக்குக் கம்பின் நடுக்குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அந்தக் கோட்டில் 5 முதல் 10 செ.மீ. ஆழம் கீறி, அடி அகலம் 40 செ.மீ., உயரம் 25 செ.மீ. வருமாறு அடுக்க வேண்டும். பெருங்கல் சரிவின் கீழ்ப்புறம், சிறுகல் மேல்புறம். வரிசைக்கு வரிசை 15 முதல் 30 மீட்டர். நீர் இதற்குள் கசிந்து போகும், மண் மட்டும் தங்கும். சரளையிலேயே மண்வரப்பு போட்டால் பெருமழையில் ஓரிடத்தில் உடைந்து, உடைந்த இடம் பள்ளமாகிவிடும்.

தங்கிய மண்ணில் விதைக்கக் கொழுக்கட்டைப்புல்லும், பயறுவகைத் தீவனச் செடியான முயல் மசாலும் நல்ல இணை. புல்விதை எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ. அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது, சில மாதம் உறங்கும்; சென்ற ஆண்டு விதையே நல்லது. முயல் மசாலின் விதைத்தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். இரண்டையும் புரட்டாசியில், ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல், கல்வரிசையின் மேல்புறம் தூவலாம். முதல் ஆண்டு விதை உதிரும் வரை ஆட்டை உள்ளே விடக்கூடாது. பிறகும் அடித்தூர் 10 செ.மீ. நிற்கும்போதே மந்தையை அடுத்த பக்கம் திருப்பிவிட வேண்டும்.