ஹம்மாம்: குளியலறை அல்ல, வெந்நீர்க் கூடம்

ஸ்பெயினின் கிரனாடா நகரில், டாரோ ஆற்றங்கரையில் எல் பன்யுவேலோ என்ற பழைய ஹம்மாம், அதாவது ஊரார் குளிக்கும் பொதுக் கட்டடம், இருக்கிறது. தமிழில் அதை எழுதுபவர்கள் அடிக்கடி 'துருக்கியக் குளியலறை' என்கிறார்கள். துருக்கியும் தவறு, அறையும் தவறு.

ஹம்மாம் என்பது அரபுச் சொல். சூட்டைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. 'ஹமீம்' என்றால் கொதிநீர். நமக்கு ஹம்மாம் சோப்பின் பெயராகத்தான் பழக்கம்.

பன்யுவேலோ 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அப்போது அங்கே ஆண்டவர்கள் வட ஆப்பிரிக்க பெர்பர் இனத்தவரான சீரிட்கள். ஒட்டோமான் துருக்கியரின் அரசு உருவானதே 1300-ஐ ஒட்டித்தான். அவர்கள் கிரனாடாவை ஒருநாளும் ஆண்டதில்லை. ஆங்கிலத்தில் 'டர்கிஷ் பாத்' என்று படித்ததை யோசிக்காமல் இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

சரி, 'குளியலறை'? கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் குளிக்கும் இடம் அது. ஹம்மாமோ ஊரார் கூடிப் பேசும் இடம். உடை மாற்ற ஓர் அறை, பிறகு குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, கடைசியில் சூடான அறை. அடுப்பின் அனல் தரைக்கடியில் பரவும். கூரை வளைவுகளில் நட்சத்திர வடிவத் துளைகள். தூண்களின் தலைப்பகுதிகளில் ரோமானியர் காலத்தவையும் உண்டு. இத்தனையும் ஓர் 'அறை'க்குள் அடங்குமா? 1567-இல் இரண்டாம் பெலிப்பே மன்னரின் ஆணை, கிறிஸ்தவத்துக்கு மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்களின் ஹம்மாம்களுக்குத் தடை போட்டது. 'குளியலறைகளுக்குத் தடை' என்று எழுதினால் வீட்டில் குளிக்கவே கூடாது என்று தோன்றும். ஒரு சமூகம் கூடும் இடத்தைப் பூட்டினார்கள் என்பது வாசகருக்குப் புரியாமலே போகும்.

அழகாக இருக்கிறதே என்று 'நீராழி மண்டபம்' போடுவதும் சரியல்ல. அது கோயில் குளத்தின் நடுவே நிற்பது. கிரந்தம் வேண்டாம் என்று 'அம்மாம்' என்றெழுதினால், 'அம்மாம் பெரிய' கட்டடம் என்றல்லவா படிப்பார்கள்!

ஆகவே முதல் முறை ஹம்மாம் என்று எழுதி, அப்புறம் 'வெந்நீர்க் கூடம்' என்று தொடரலாம். குளிர்ந்த அறையும் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த அறை சூட்டுக்கு உடம்பைப் பழக்கத்தான். கட்டடத்தின் உயிர் அடுப்பில் இருக்கிறது, அரபு வேரும் அதையேதான் சொல்கிறது.