விளக்கைத் தூக்கும் காற்று

செவ்ரோலே நிறுவனம் 1968 முதல் 1982 வரை தயாரித்த மூன்றாம் தலைமுறை கார்வெட் காரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு காலைக் காட்சி நன்கு பழக்கமானது. முந்தைய இரவு வண்டியை நிறுத்தியபோது முகப்புக்குள் ஒழுங்காக மடங்கியிருந்த இரண்டு விளக்குக் கூடுகளில் ஒன்று மட்டும், அரைத்தூக்கத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்தவரைப் போல, பாதி எழும்பி நிற்கும். இரவில் யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை, பேட்டரியிலும் குறையில்லை. விளக்கு எரிவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். இந்தக் காரில் விளக்குக் கூட்டை ஏற்றி இறக்குவது மோட்டார் அன்று, காற்று.

மறையும் விளக்கு என்ற எண்ணம் பழையது. 1936ஆம் ஆண்டின் கார்டு 810 காரில் ஓட்டுநரே கைப்பிடியைச் சுழற்றி விளக்கை வெளியே கொண்டுவந்தார். கார்வெட்டின் முந்தைய தலைமுறையில் அந்த வேலையை மின்மோட்டார்கள் செய்தன. 1968ஆம் ஆண்டின் வடிவமைப்பில் அதே வேலை இன்ஜினிடம் ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்த ஒரு சக்தியிடம், அதாவது வெற்றிடத்திடம், ஒப்படைக்கப்பட்டது. போதாக்குறைக்கு, கண்ணாடியின் அடியில் வைப்பர்களை மறைத்து வைக்கும் கதவும் 1968 முதல் 1972 வரை அதே வெற்றிடத்தால்தான் இயங்கியது.

பெட்ரோல் இன்ஜினின் பிஸ்டன்கள் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, அதாவது காற்று உள்ளே வரும் குழாய்த் தொகுதியிலிருந்து, காற்றை இழுக்கின்றன. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங்கில், காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு அநேகமாக மூடியே இருப்பதால், இழுத்த அளவுக்குக் காற்று உள்ளே வந்து சேர்வதில்லை. கடல்மட்டத்தில் வளிமண்டலத்தின் அழுத்தம் 29.92 பாதரச அங்குலம். நல்ல நிலையிலுள்ள இன்ஜின் ஐடிலிங்கில் அதிலிருந்து ஏறத்தாழ 18 அங்குலத்தைக் குறைத்துவிடும். வெற்றிடம் இழுக்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம், ஆனால் உண்மையில் அது எதையும் இழுப்பதில்லை. ரப்பர் சவ்வின் ஒரு பக்கத்தில் காற்று குறைந்ததும் மறுபக்கத்தில் இருக்கும் வெளிக்காற்றே சவ்வைத் தள்ளுகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு சவ்வின் மீது 18 அங்குல வேறுபாடு இருந்தால், தள்ளும் விசை ஏறத்தாழ 49 கிலோ எடைக்குச் சமம். நம் ஊர்க் கார்களில் பிரேக் பெடலை இலகுவாக்கும் பூஸ்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்தால் அது கல்லாக இறுகுவது, சேமித்து வைத்த வெற்றிடம் தீர்ந்துபோவதால்தான்.

இந்த இலவச சக்திக்கு ஒரு குணக்கேடு உண்டு: ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்ததும் த்ராட்டில் அகலத் திறந்து, மேனிஃபோல்டின் வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமற்போகும். மேட்டில் ஏறும்போது விளக்கு தொங்கிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு சேமிப்புத் தொட்டியும், காற்றை இன்ஜினை நோக்கி மட்டும் போகவிடும் ஒருவழி செக் வால்வும் வைக்கப்பட்டன. தொட்டியிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய் ஒவ்வொரு விளக்குக் கூட்டுக்கும் உரிய ரிலேவை அடைகிறது. இங்கே ரிலே என்பது மின்சாரப் பெட்டி அன்று, சவ்வால் இயங்கும் காற்று வால்வு. டாஷ்போர்டில் உள்ள விளக்கு ஸ்விட்சின் முதுகிலேயே ஒரு சிறிய காற்று வால்வு இருக்கிறது. அது அனுப்பும் மெல்லிய சைகையைப் பெற்றதும், ரிலே தொட்டியின் முழு வெற்றிடத்தையும் ஆக்சுவேட்டரின், அதாவது கூட்டை அசைக்கும் சவ்வுப் பெட்டியின், இரண்டு அறைகளில் ஒன்றுக்குத் திருப்பி, மற்ற அறைக்குள் வெளிக்காற்றை விடுகிறது. சவ்வு நகர, அதோடு பிணைந்த தண்டு கூட்டைத் தூக்குகிறது அல்லது மடக்குகிறது.

இப்படி ஒரே மூச்சில் எல்லாம் இணைந்திருப்பதால், ஓரிடத்தில் உள்ள கசிவு வேறோர் இடத்தில் நோயாகத் தெரியும். சந்தேகத்தின் பேரில் ஆக்சுவேட்டரை வாங்கி மாட்டி, பிறகு ரிலேவை மாட்டி, கடைசியில் பத்து ரூபாய் பெறாத ரப்பர் குழாயில் வெடிப்பைக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலில் மிகவும் சாதாரணம். பாகத்தை மாற்றுவதற்கு முன் அறிகுறியைப் படிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சோம்பலாக எழுந்தால் குறை பொதுவான பாதையில் இருக்கிறது: மேனிஃபோல்டு, செக் வால்வு, தொட்டி, முதன்மைக் குழாய். ஒரு பக்கம் மட்டும் மக்கர் செய்தால் அந்தப் பக்கத்து ரிலே, ஆக்சுவேட்டர், அவற்றுக்கு இடைப்பட்ட குழாய் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். ஐடிலிங்கில் ஒழுங்காக நடந்துகொண்டு, வேகமெடுக்கும்போது மட்டும் விளக்கு தடுமாறினால், முதலில் செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம். தொட்டிப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் போகவே கூடாது.

ஆக்சுவேட்டர் தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்பது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். அதன் இரண்டு அறைகளுக்கும் நடுவே இருப்பது ஒரே சவ்வு. தண்டோ ஓர் அறையின் வழியாக மட்டுமே, ரப்பர் சீலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே வெற்றிடத்தை உண்டாக்கி முள்ளால் அளவும் காட்டும் கைப் பம்பை முதலில் ஓர் அறையிலும் பிறகு மற்றதிலும் பொருத்தி 15 அங்குலம் வரை இழுத்துவிட்டுக் காத்திருந்தால், இரண்டு முறையும் முள் இறங்குவது சவ்வு கிழிந்திருப்பதையும், தண்டு இருக்கும் அறையில் மட்டும் இறங்குவது சீல் தேய்ந்திருப்பதையும் காட்டும். கிழிந்த சவ்வுக்கு ஆக்சுவேட்டரையே மாற்ற வேண்டியிருக்கும். சீல் தேய்மானம் சிறிய வேலை. ரிலேவில் வெளிக்காற்று நுழையும் வழி தூசியால் அடைத்துக்கொண்டால், கசிவு எதுவுமே இல்லாமல் இயக்கம் மந்தமாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஓர் அறைக்குள் காற்று வராவிட்டால் எதிர் அறையின் வெற்றிடத்தால் என்ன செய்ய முடியும்?

வைப்பர் கதவு இன்னும் ஒரு படி சிக்கலானது, ஏனெனில் அங்கே காற்றும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன. வைப்பர் ஸ்விட்சைப் போட்டதும் மின்காந்த வால்வு ஒன்று திறந்து, கதவுக்கு வெற்றிடத்தை அனுப்புகிறது. கதவு முழுமையாகத் திறந்ததை ஓர் எல்லை ஸ்விட்ச் உறுதிசெய்த பிறகே வைப்பர் மோட்டார் சுழலும். அணைக்கும்போது வைப்பர்கள் முதலில் படுக்க வேண்டும், கதவு பிறகுதான் மூட வேண்டும். இதனால் கதவு இரண்டு செ.மீ. குறைவாகத் திறந்தாலும் மழையில் வைப்பர் ஓடாது. உரிமையாளர் நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஸ்டியரிங் தூணின் அடியில் உள்ள, வழக்கமான இயக்கத்தை மீறிச் செயல்படும் ஓவர்ரைடு ஸ்விட்சுகளுள் ஒன்று கதவைத் திறந்தே வைக்க உதவும். சோதிக்கும்போது விரலைக் கதவின் விளிம்பில் வைக்க வேண்டாம்; மேலே கணக்கிட்ட 49 கிலோவை அங்கே உணர்ந்து பார்ப்பதில் பயனில்லை.

எல்லாப் பழியையும் கசிவின் மேல் போடுவதும் தவறு. அதிக ஓவர்லேப் கொண்ட, அதாவது காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் அதிக நேரம் சேர்ந்தே திறந்திருக்கச் செய்யும், பந்தய கேம்ஷாஃப்டைப் பொருத்திய இன்ஜின் ஐடிலிங்கில் 10 அங்குலத்தைத் தாண்டவே திணறலாம். அதில் விளக்கு சோம்புவது நோயன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் அதே இன்ஜின் ஐந்து அங்குலம் குறைவாகவே காட்டும். மூட்டுகளில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தால் எந்த வெற்றிடமும் போதாது. எனவே ஆக்சுவேட்டர் தண்டைக் கழற்றிவிட்டுக் கூட்டைக் கையால் அசைத்துப் பார்ப்பது, கைப் பம்பை எடுப்பதற்கும் முந்தைய வேலை.

அட்லாண்டிக்குக்கு அப்பால், 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான், தன் சேஸிஸின் முன்குறுக்குச் சட்டத்தையே வெற்றிடத் தொட்டியாகப் பயன்படுத்திக்கொண்டது. எடையை மிச்சப்படுத்தும் அழகான சிக்கனம்தான், ஆனால் சட்டம் துருப்பிடித்து ஊசிமுனைத் துளை விழுந்தால் விளக்கு தொங்கும். தொடக்ககால எலான்களில் வெற்றிடம் விளக்கைத் தூக்கியது. பிற்காலத்தில் ஸ்பிரிங் தூக்க, வெற்றிடம் அமுக்கிப் பிடித்தது. இரவு நேரத்தில் எந்த ஏற்பாடு பழுதானால் ஆபத்து குறைவு என்று யோசித்துச் செய்த தலைகீழ் மாற்றம் அது.

கார்வெட்டில் பழுதைச் சரிசெய்த பிறகு, தொட்டிக் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, வெற்றிடத்தை அளக்கும் கேஜைப் பொருத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முள் 18இல் நின்றதும் அணைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கிளையாகக் குழாயை அடைத்து முள்ளைக் கவனித்தால், எந்தக் கிளையை அடைத்ததும் முள் இறங்காமல் நிற்கிறதோ அந்தக் கிளையில்தான் மிச்சக் கசிவு இருக்கிறது. வண்டி அணைந்து அமைதியாக இருக்கும்போது ஒரு நீளமான குழாயின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இணைப்புகளின் மேல் மெல்ல நகர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் மெலிதாகச் சீறுவது கேட்கும்.