முள் இல்லாமலும் நிற்கும் கழிமுள்ளி

அலையாத்தி (மாங்குரோவ்) கன்று நடும் இடங்களில் முதல் வேலை ‘முள்புதரை’ வெட்டி ஒதுக்குவதுதான். ஒருமுறை நான் போய்ச் சேர்வதற்குள் இடுப்புயரச் செடிகளை வெட்டிக் குவித்துவிட்டார்கள். குவியலில் ஊதாப் பூக்கள் வாடக்கூட இல்லை. சீமைக்கருவேலம் மாதிரி இதுவும் வெளியிலிருந்து வந்தது என்றே நினைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டதோ கழிமுள்ளி. சில ஊர்களில் கழுதைமுள்ளி. பிச்சாவரம், முத்துப்பேட்டைச் சேற்றில் தானாக வளரும் நம் மண்ணின் செடி, அலையாத்திக் காட்டின் ஓர் அங்கம். எனக்கு அன்று மனசே ஆறவில்லை.

முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் இதில் பெரிய தவறு. வெயிலில் நிற்கும் கழிமுள்ளியின் இலை விறைப்பாக, பளபளப்பாக, விளிம்பெல்லாம் கூரிய முள்ளோடு இருக்கும். இலைக்காம்பின் அடியிலும் இரண்டு முள். ஆனால் மர நிழலில் வளர்வதன் இலைகளில் பல நேரம் முள்ளே இருக்காது. ஒரே புதரில் இரண்டு வகை இலையையும் பார்த்திருக்கிறேன்.

பூ ஏமாற்றாது. ஒன்றை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உதடு போன்ற இதழில் கீழ் உதடு மட்டும் அகலமாக விரிந்திருக்கும். மேல் உதடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். உள்ளே தடித்த காம்புள்ள நான்கு மகரந்தத்தாள்கள், நுனியில் பிரஷ் போல மயிர். பெரிய கருவண்டுத் தேனீ அவற்றை விலக்கிக்கொண்டுதான் நுழைய முடியும்.

நீர்முள்ளியோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் ஊதாப் பூதான், ஆனால் அதற்கு இரண்டு உதடு. கணுவைச் சுற்றி நீண்ட, நேரான முட்கள் நிற்கும். வளர்வது வயல் வாய்க்கால், குளத்தங்கரை போன்ற நன்னீர் ஈரத்தில். சித்த மருந்துக்கு விதை எடுப்பது அதிலிருந்து. கழிமுள்ளிக்கு ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறி இறங்கும் உவர்ச்சேறு வேண்டும். அதிகப்படி உப்பை இலை வழியே வெளியே தள்ளும். வெயிலில் காய்ந்த இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும்.

பூ இல்லாத நாளில் காயைத் தேடுங்கள். சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம், வழவழப்பு. முற்றியதும் வெடித்து விதைகளைத் தூர எறியும். பூவும் காயும் இல்லையா? சரி, இலைக்காம்பின் அடியையும் செடி நிற்கும் மண்ணையும் படமெடுத்துத் தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பதில் வரும்வரை அரிவாளை எடுக்க வேண்டாம்.