பெற்ற பிள்ளையானாலும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். அவருடைய காமாட்சி விளக்கு சாமி மாடத்தில் இருக்காது. பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எடுத்து ஏற்றுவார், சூடு ஆறியதும் திரும்பவும் சுற்றி உள்ளே தள்ளிவிடுவார். பெரிய குத்துவிளக்கு முன்பே ஸ்கிராப் கடைக்குப் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியும் தோட்டத்துப் பித்தளைக் குழாயும் அதே வழியில் போயின. எடுத்துக்கொண்டு போனவன் வெளியாள் இல்லை, சுகர்ஸ் பழக்கத்தில் விழுந்த மகன்தான். மட்டமான ஹெராயினில் எதையெதையோ கலந்து விற்கிற அந்தத் தூள் டர்பன் பக்கம் எத்தனை வீடுகளைக் காலி செய்திருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது ஆயா கேட்டது ஒன்றுதான். "பெத்த புள்ளையக் கம்பிக்குள்ள தள்ளச் சொல்றியாம்மா?"

இந்தக் கேள்வியோடு நின்றுபோகிற குடும்பங்கள் நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன். பாதுகாப்பு ஆணை கேட்பதும் மகனைச் சிறைக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. இதையெல்லாம் இனி செய்யாதே என்று நீதிமன்றம் அவனுக்கு எழுத்தில் கொடுக்கும் உத்தரவு அது. அதை மீறினால்தான் குற்றம். மீறாதவரை அவன் பெயரில் குற்ற வழக்கு எதுவும் அந்த ஆணையால் வராது.

தென்னாப்பிரிக்காவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 116ஆம் எண் சட்டம். கணவன் மனைவிக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெற்றோர் பிள்ளை, உறவுக்காரர், ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவர், காதலர் எல்லாரும் இதற்குள் வருவார்கள். அடி உதை விழுந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மிரட்டல், ஓயாமல் திட்டி அவமானப்படுத்துவது, பென்ஷன் பணத்தைப் பிடுங்குவது, வீட்டுச் சாமானை விற்பது இவையும் சட்டப்படி வன்முறைதான். 2021இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதியவர்களைக் கொடுமைப்படுத்துவதை அது தனியாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

விண்ணப்பம் போட வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். நீங்கள் வசிக்கிற பகுதியின் நீதிமன்றத்துக்கே போகலாம். பயந்து மகள் வீட்டில் தங்கியிருக்கிறீர்களா? அந்தப் பகுதி நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. வக்கீல் இல்லாமல் வருகிறவருக்கு அவருடைய உரிமைகளை விளக்கிச் சொல்வது நீதிமன்ற எழுத்தரின் கடமை. திருத்தத்துக்குப் பிறகு ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் வயதானவர்கள் நேரில் போவதுதான் நல்லது என்பது என் எண்ணம். எதிரே ஆள் இருந்தால்தான் சந்தேகம் கேட்க முடியும்.

படிவத்தில் நடந்ததைச் சத்தியப் பிரமாணமாக எழுத வேண்டும். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஆயா முதலில் சொன்னது, "அவன் தொல்லை பண்றான்" என்று மட்டும்தான். அப்படி எழுதினால் மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்றும் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்றைக்கு, எந்த நேரம், என்ன சொன்னான், எதை எடுத்தான், யார் பார்த்தார்கள்? பென்ஷன் வந்த நாளில் கதவை எட்டி உதைத்தது, கையைப் பிடித்து முறுக்கியது, பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கை வீங்கியிருந்த போட்டோ அந்த அக்காவின் போனில் இருந்தது. பார்த்தவர்கள் தனியாகச் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் அதையும் இணைக்கலாம்.

என்ன உத்தரவு வேண்டும் என்பதையும் நீங்கள்தான் கேட்கிறீர்கள். மகனை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு மனசு வரவில்லையா, வேறு விதமாகவும் கேட்கலாம். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, வீட்டுப் பொருள் எதையும் எடுக்கக் கூடாது, என் அறைக்குள் வரக் கூடாது என்று. வீட்டின் ஒரு பகுதிக்குள் மட்டும் நுழையக் கூடாது என்று உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதைக் கேட்ட பிறகுதான் ஆயா பேனாவைக் கையில் எடுத்தார்.

வன்முறை நடந்திருக்கிறது, உடனே தடுக்காவிட்டால் தீங்கு வரும் என்று மேலோட்டமாகத் தெரிந்தாலே மாஜிஸ்திரேட் இடைக்கால ஆணை கொடுத்தாக வேண்டும். அதற்கு மகனை முன்கூட்டியே கூப்பிட்டு விசாரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம். அந்த ஆணையை அவன் கையில் முறைப்படி சேர்ப்பித்த பிறகுதான் அது செல்லும். ஷெரிஃப் (நீதிமன்றக் காகிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் அதிகாரி), நீதிமன்ற எழுத்தர், போலீஸ் இவர்களில் ஒருவர் சேர்ப்பிக்க வேண்டும், நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. சேர்ந்துவிட்டதா என்று எழுத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் இரு தரப்பையும் கேட்க ஒரு தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிடவே கூடாது. விசாரணை வெளியாட்கள் இல்லாமல் நடக்கும். துணைக்கு மூன்று பேர் வரை கூட்டிப் போகலாம். ஆயாவோடு நானும் அந்த அக்காவும் போனோம்.

ஆணையோடு ஒரு கைது வாரன்டும் வரும். இந்த ஆணையின் பலமே அந்தக் காகிதம்தான். அது தூங்கிக்கொண்டிருக்கும் வாரன்ட். மகன் ஒழுங்காக இருக்கும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள். மீறினான் என்றால் வாரன்டையும், நடந்ததைச் சொல்லும் சத்தியப் பிரமாணத்தையும் போலீசிடம் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தீங்கு நேரும் என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால் அவர்கள் அவனைக் கைது செய்தே ஆக வேண்டும். அப்படி இல்லையென்றாலும் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி எழுத்தில் நோட்டீஸ் கொடுப்பார்கள். ஆணையை மீறிய குற்றத்துக்கு அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். வாரன்டை அவன் கிழித்துப் போட்டுவிட்டான் என்றால் பதற வேண்டாம். அதைச் சொல்லிச் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் எழுத்தர் இன்னொன்று தருவார்.

"வாபஸ் வாங்கு" என்று அவன் நெருக்கக்கூடும், உறவுக்காரர்களும் நெருக்குவார்கள். தாயே வந்து கேட்டாலும், மனசார, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கேட்கிறார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தால்தான் ஆணை ரத்தாகும். இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

போலீஸ் நிலையத்தில் "இது குடும்பச் சண்டை, வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு முறை எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்பக் கூடாது. உரிமைகளை விளக்குவது, தங்க இடமும் மருத்துவமும் கிடைக்க உதவுவது இதெல்லாம் சட்டம் அவர்களுக்கு வைத்திருக்கும் கடமை. அங்கேயே நிலையத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆணை மகனின் பழக்கத்தைக் குணப்படுத்தாது. அதற்கு 2008ஆம் ஆண்டின் போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சைச் சட்டம் இருக்கிறது. அவன் சிகிச்சைக்குச் சம்மதிக்காவிட்டாலும், சமூகப் பணியாளரோ நெருங்கிய ஒருவரோ அரசு வழக்கறிஞரிடம் சத்தியப் பிரமாணம் கொடுக்கலாம். விசாரித்த பிறகு, 12 மாதம் வரை சிகிச்சை மையத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். ஆயாவுக்குக் கொஞ்சம் நிம்மதி தந்தது இந்த வழிதான். இப்போது சமூகப் பணியாளரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. முதியவருக்கோ, குழந்தைக்கோ, மாற்றுத்திறனாளிக்கோ குடும்ப வன்முறை நடப்பது உங்களுக்குத் தெரிந்தால், சமூகப் பணியாளரிடமோ போலீசிடமோ சொல்வது சட்டக் கடமை, சொல்லாமல் இருப்பது குற்றம். அவசரத்துக்கு 10111. குடும்ப வன்முறை, பாலின வன்முறை பற்றிப் பேச 0800 428 428, இதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு எண்களையும் ஆயா வீட்டுச் சமையலறைக் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.