ஈரத்தோடு கட்டிய மக்காச்சோள விதை

புரட்டாசி பிறந்தால் எங்கள் விதைப் பரிசோதனை நிலையத்தில் மக்காச்சோள மாதிரிகள் குவிந்துவிடும். பெரம்பலூர் பக்கம் மானாவாரி விதைப்பு தொடங்கும் நேரம் அது. அப்படி ஒரு நாள், விதை உற்பத்தி செய்யும் விவசாயி ஒருவர் கெட்டியான பாலித்தீன் பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே இளஞ்சிவப்பு மருந்து பூசிய விதை. "மருந்தும் போட்டேன், காத்துப் புகாத பையிலயும் கட்டினேன். பாதிகூட முளைக்கலையே சார்" என்றார்.

பையைப் பிரித்ததுமே புளித்த மாவு வாடை. விதைகளைக் கையில் எடுத்தால் ஒன்றோடொன்று லேசாக ஒட்டின. அவர் செலவில் குறை வைக்கவில்லை. காயவைப்பதில்தான் இரண்டு நாள் குறைந்துவிட்டது.

மக்காச்சோளத்தின் முளைக்கரு பெரியது, எண்ணெய்ச் சத்து நிறைந்தது. அதனால் சேமிப்பில் சீக்கிரம் சிக்குப் பிடித்து வீரியம் இழக்கும். விதையும் மூச்சு விடுகிற உயிர்தான். ஈரம் அதிகமிருந்தால் மூச்சு வேகமாகும், சூடு ஏறும், பூஞ்சாணம் பிடிக்கும். பை காற்றுப் புகாததாக இருந்தால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியே இல்லை. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது விதைத் தொழிலில் பழைய கணக்கு.

சான்று விதைக்கான விதியும் இதையொட்டித்தான் இருக்கிறது. துணிப்பை, சாக்கு என்றால் ஈரப்பதம் 12 சதவீதம் வரை இருக்கலாம். காற்றுப் புகாத பை என்றால் 8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வெயிலில் மட்டும் காயவைத்து 8-க்குக் கொண்டுவருவது லேசான வேலையில்லை. உலர்த்தும் இயந்திரம் கிடைக்காதவர்கள் 12-க்குக் கீழே காயவைத்துத் துணிப்பையில் வைப்பதே மேல் என்பது என் கருத்து. ஆனால் மழைக்காலத்தில் துணிப்பை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நடுவில் ஒருமுறை எடுத்துக் காயவைத்தாக வேண்டும். காலையிலும் மூணு மணிக்கு மேலும் காயவையுங்கள், உச்சி வெயில் வேண்டாம்.

ஈரமானி இல்லையென்றால், உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் விதையையும் காய்ந்த தூள் உப்பையும் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் மூட்டை கட்டத் தயார் என்று அர்த்தமில்லை, ஆபத்தான கட்டம் தாண்டியது என்று மட்டும்தான்.

அப்புறம் மருந்து. திரம், கார்பென்டசிம் போன்றவை கிலோவுக்கு 2 கிராம் கலந்தால் பூஞ்சாணத்தைத் தடுக்கும், ஈரத்தை உறிஞ்சாது. தண்ணீரில் கரைத்துப் பூசும்போது நாமே ஈரம் சேர்க்கிறோம், அதனால் பூசிய பிறகு நிழலில் உலர்த்தியே கட்ட வேண்டும். உலர் முறை வேண்டுவோருக்கு பிளீச்சிங் பவுடர், கால்சியம் கார்பனேட், அரப்பு இலைத் தூள் மூன்றையும் 5:4:1 என்று கலந்து கிலோவுக்கு 3 கிராம் சேர்க்கும் முறை இருக்கிறது. அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிரிகளை சேமிப்புக்கு முன் கலக்காதீர்கள். விதைக்கும் அன்று கலந்தால் போதும்.

அவர் விதையை ஈரத் தாளில் சுருட்டி வைத்து ஏழாம் நாள் பிரித்தோம். வேர் மட்டும் எட்டிப் பார்த்த விதைகளையும் அவர் எண்ணிக்கொண்டே வந்தார். குருத்து வராத அவற்றை நாங்கள் முளைப்பில் சேர்ப்பதில்லை, வயலில் அவை மேலே வராது. வீரிய ஒட்டு விதைக்கு 90 சதவீதம் தேவை. அவருடையது 46.

"சரி, தீவனத்துக்காவது தள்ளிவிடலாமா?" என்று கேட்டார். நம் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி நாமக்கல் கோழிகளுக்குத்தான் போகிறது, கேட்டதில் தப்பில்லை. ஆனால் மருந்து பூசிய விதையைக் கழுவினாலும் தீவனமாகாது. கோழி தின்றால் அந்த நஞ்சு முட்டை வழியாக நம் பிள்ளைகள் தட்டுக்கு வரும். இதை அவரிடம் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது. எட்டு மாத உழைப்பு. மறுநாள் கால்நடை எட்டாத இடத்தில், கிணற்றுக்குத் தள்ளி, குழி வெட்டிப் புதைத்துவிட்டதாகப் போன் செய்தார்.