பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ், மலையாளம் இரண்டிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர் போன் செய்தார். ஆவணி பிறக்கும் நேரம், மலையாளிகளுக்குச் சிங்ஙம். இரண்டு பக்க முகூர்த்தமும் அவர் தலையில்.

"ஏனுங்க, ஆன் பண்ணினா ரெண்டு விண்டோஸ் காட்டி எது வேணும்னு கேக்குது. 30 செகண்ட் அப்படியே நிக்குது. பழைய டிஸ்க்கைக் கழட்டிரட்டுங்களா?"

"தொடாதீங்க, வர்றேன்" என்றேன்.

போய், டிஸ்க்குகளின் பிரிவுகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறந்தால் சந்தேகப்பட்டது சரிதான். விண்டோஸ் 11 இருப்பது எஸ்எஸ்டி எனும் புது வேக டிஸ்க்கில். ஆனால் விண்டோஸை எழுப்பிவிடும் பூட் மேனேஜர் குடியிருக்கும் 100 எம்பி பகுதியான 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். எஸ்எஸ்டியில் அப்படி ஒன்றே இல்லை. கழற்றியிருந்தால் கம்ப்யூட்டர் எழுந்தே இருக்காது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்து, ஆட்கள் விண்டோஸ் 11-க்கு மாறுவதிலிருந்து இந்த ரகம் அடிக்கடி வருகிறது. பழைய டிஸ்க்கை மாட்டி வைத்தபடியே புதியதில் விண்டோஸ் போட்டால், ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே பூட் ஃபைல்களையும் எழுதிவிடுகிறது இன்ஸ்டாலர். போடும்போது பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கி வைத்தால் போதும். தொடக்கத்தில் நானும் இதில் வழுக்கியவன்தான்.

கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்த, விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பூட் பக்கம் போய்ப் பழைய வரியை டெலீட் செய்தால் சரி. பட்டியலில் இருந்துதான் போகும், ஃபைல் எதுவும் அழியாது. அவருக்கோ டிஸ்க்கையே கழற்ற வேண்டும். எனவே எஸ்எஸ்டியின் சி டிரைவில் 500 எம்பி சுருக்கி, டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கட்டளைக் கருவியில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி, ஃபேட்32-வில் ஃபார்மட் செய்து, ஒரு டிரைவ் எழுத்தும் கொடுத்தேன். அப்புறம் பிசிடிபூட் கட்டளை, பூட் ஃபைல்கள் அங்கே வந்துவிட்டன. டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்குகளுக்குக் காட்டும் 0, 1 என்ற எண்களை நான் நம்புவதில்லை. அளவைப் பார்த்துத்தான் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பேன். தப்பான டிஸ்க்கில், எல்லாவற்றையும் துடைத்துவிடும் 'கிளீன்' கட்டளையை அடித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் இதற்கெல்லாம் முன்பே அதை சஸ்பெண்ட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதியும் தப்பாகக் காட்டினால் சந்தேகம் வேறு: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் எழ வேண்டும் என்ற பூட் வரிசையை பயாஸ் மறந்திருக்கும்.

மின்சாரத்தை நிறுத்தி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, ஆன் செய்தோம். கேள்வி எதுவும் இல்லாமல் நேராக டெஸ்க்டாப். அந்த டிஸ்க் இப்போது யூஎஸ்பி பெட்டிக்குள், பழைய பத்திரிகை ஃபைல்களோடு அவர் மேஜை டிராயரில் கிடக்கிறது.