நீர் பட்டதும் இழை விடும் விதை

நன்னாரி சர்பத்தில் ஊறும் சப்ஜா விதையைச் சுற்றித் திரளும் வழவழப்பால் செடிக்கு என்ன பயன் என்று காரைக்குடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மனிதரின் உடற்சூட்டைத் தணிக்கவே இயற்கை அதை வைத்திருப்பதாக அவர் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களாம். எந்தச் செடியும் நமக்காக விதை செய்வதில்லை. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பார்க்கச் சப்ஜாவைவிடப் பொருத்தமானது, ஃப்ளாக்ஸ் (Phlox) குடும்பத்துக் காட்டுப்பூப் பேரினமான கொலோமியா.

1818இல் தாமஸ் நட்டால் பெயரிட்ட இப்பேரினத்தின் ஏறத்தாழ 15 இனங்களில் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளர்கின்றன. கொலோமியா கிராண்டிஃப்ளோராவின் பூ வெளிர் ஆரஞ்சு நிறம், மகரந்தமோ நீலம். ஆனால் உண்மையான அழகு அதன் விதையில்தான் இருக்கிறது.

விதை முதிரும்போது, விதையுறையின் வெளிப்புறச் செல்கள் ஒவ்வொன்றும் தனக்குள் பெக்டின் வகைப் பசைப்பொருளையும், சுருள்வில் போல் நெருக்கிச் சுற்றிய செல்லுலோஸ் இழையையும் சேர்த்து வைத்துவிட்டு இறந்து உலர்கிறது. ஈரம் பட்டவுடன் பசைப்பொருள் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. அந்த அழுத்தத்தில் செல்லின் வெளிச்சுவர் கிழிய, அடைபட்டிருந்த சுருள் பிரிந்து நீள்கிறது. இப்படி எல்லாத் திசைகளிலும் இழைகள் ஒரே நேரத்தில் கிளம்புவதால், நுண்ணோக்கியில் விதையைச் சுற்றி ஒரு மேகம் திரள்வது தெரியும். செல்லுலோஸ் நீரில் கரையாது; இழையின் அடி விதையிலேயே பற்றியிருக்கும்; எனவே பசையும் எளிதில் கழுவப்படுவதில்லை. இவ்வளவையும் செய்வது உயிரற்ற செல்கள் என்பதே எனக்குத் தீராத வியப்பு.

பசை உலரும்போது விதை மண்ணோடு ஒட்டிக்கொள்வதால், சரிவில் ஓடும் மழைநீர் அதை எளிதில் அடித்துச் செல்வதில்லை. எறும்புகளிடமிருந்தும் காப்பு உண்டு. பசையுள்ள விதைகளைக் கொண்ட 53 தாவர இனங்களை வைத்து நடந்த கள ஆய்வொன்றில், மணல் ஒட்டிய விதைகளை எறும்புகள் குறைவாகவே எடுத்துச் சென்றன. விதை கண்ணுக்குப் புலப்படாமல் போவது அதற்குக் காரணம் அன்று என்றும் தெரிந்தது.

சப்ஜா துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த திருநீற்றுப் பச்சிலையின் விதை. அதில் பசை சுரப்பது விதையுறை அன்று, கனியின் உறை. வேறு குடும்பத்தில் தனியே தோன்றிய அதே உத்தி.

மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் காரைக்குடி. உடனடிப் பயன் தெரியாத இத்தகைய தாவர ஆய்வுகளுக்கும் அப்படிக் கொடுப்பவர்கள் வேண்டும் என்பது என் கருத்து. கருவி எதுவும் இன்றிப் பார்க்க விரும்பும் வாசகி, ஐப்பசி மழையில் ஊருணிக் கரையோரம் வெடிக்காய்ச் செடியைத் தேடலாம். நீர் பட்டதும் வெடித்துச் சிதறும் அதன் காயிலிருந்து ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் நனைத்தால், ஓரத்தில் படிந்திருந்த மயிர்கள் எழுந்து பசையாவதைக் காணலாம்.